இரண்டு நாற்பது வண்டி வராத மதியம்

மன்னித்துக்கொள். உனக்கு எழுதும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ கடைசியாக அனுப்பிய ஒரு வரிச் செய்திக்கே நான் பதில் போடவில்லை. அப்போது பதில் போடாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதினால் யாருக்கு என்ன பயன் என்று நீ கேட்கலாம். இன்று காலை புதுவாயல் பஞ்சர் கடை வாசலில் நின்றேன். டியூபில் ஒட்டுப் போடத் தடவுகிற சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

நம் லேப் மேசைக்கு அடியில் இருக்கும் நான்கு லாரி டியூபில் ஒன்றுக்குக் காற்று இறங்கிவிட்டது. மேசைக் கல் ஒரு பக்கம் சாய்ந்து, லேசர் கண்ணாடியை விட்டு விலகி எங்கோ சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. டியூபைக் கழற்றி, கட்டைப் பையில் மடித்து வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்கார பாய்க்கு என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

“இன்னாம்மா, வெளிச்சம் உக்காந்துச்சா?”

முதல் முறை நாம் இருவரும் போனபோது நீ அவரிடம் சொன்னது அது. டயர் இல்லாமல் டியூப் மட்டும் எதற்கு என்று அவர் கேட்டார். “வெளிச்சத்த உக்கார வெக்கணும் பாய், அது ஆடிக்கினே கீது” என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, “இது சொல்றது நெசமாம்மா?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். “அந்தப் பொண்ணு பேசாதா?” என்றார். “பேசும் பாய். வருசத்துக்கு ஒரு தபா. இந்த வருசத்துது ஆயிடுச்சு” என்றாய். கடையில் இருந்த லாரி டிரைவர்கூடச் சிரித்தார்.

இன்று நான், “உக்காந்துடுச்சு பாய்” என்றேன்.

“எங்க அந்த வாயாடி? கூட வர்ல?”

தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டேதான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேற வேலைக்குப் போயிட்டா பாய்.”

“நல்லா இருக்கட்டும். பாத்தா பாய் கேட்டார்னு சொல்லு.”

“சொல்றேன்” என்றேன். சொல்லிவிட்டேன். பாய் உன்னைக் கேட்டார்.

நீ இல்லை என்பதை நான் இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. லேப்பை நடத்தும் சாரிடமும் சொல்லவில்லை. கேண்டீன் அக்காவிடமும் சொல்லவில்லை. நீ கம்பெனிக்குப் போன பிறகு காலேஜில் யாருக்கும் உன்னைப் பற்றித் தெரிய வழியில்லை. கேட்கிறவர்களிடம் எல்லாம் நீ இன்னும் ஏதோ ஒரு ஷிஃப்டில் வேலை செய்துகொண்டிருக்கிறாய்.

நம் வேலை என்ன என்று ஊரில் கேட்டால் நான் “லேப்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். என் அம்மாவுக்கு அதைப் புரியவைத்தவள் நீ. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் கோயில் பக்கம் அம்மா பூஜைத் தட்டுக் கடை போட்டிருந்தாள். நீ வந்து, வந்த கையோடு நாலு தட்டு விற்றுக் கொடுத்துவிட்டு, பக்கத்து வளையல் கடையில் இரண்டு கைக்கண்ணாடி வாங்கி எதிரெதிரே பிடித்துக் காட்டினாய்.

“பாருங்கம்மா, உள்ள உள்ள உள்ளன்னு போய்க்கினே கீதா? இதுக்கு நடுவுல வெளிச்சம் மாட்டிக்கினா வெளிய வராது. ஆயிரம் தபா போய்ப் போய் வரும். அதான் வெளிச்சத்துக்கு ஊடு. நடுவுல நாங்க ஒரு ஜவ்வு கட்டியிருக்கோம். வெங்காயத் தோல விட மெல்லிசு, கண்ணுக்கே தெரியாது. அந்த ஜவ்வு சரியான தாளத்துல அதிர்ந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, உள்ள போற வெளிச்சம் வாசல்லயே நின்னு திரும்பிப் போயிடும். எங்க நைனா ரயில்வே கேட்டு போடுறாரே, அது மாதிரி.”

“ஜவ்வ யாரு ஆட்டுறது?”

“இன்னொரு வெளிச்சம் தான்மா. அது ஜவ்வ தள்ளும்.”

“வெளிச்சம் தள்ளுமா?”

“நம்ம மேலயும் தள்ளிக்கினு தான் கீது. நமக்கு ஒறைக்கல.”

“இந்த வெயில்ல கூடவா ஒறைக்கல ஒனக்கு” என்றாள் அம்மா. நீ கண்ணாடி இரண்டையும் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். அன்றைக்குப் பிறகு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் “இன்னாடி, கேட்டு போட்டீங்களா” என்று கேட்க ஆரம்பித்தாள். எத்தனை கணக்குப் போட்டும் என்னால் என் வீட்டாருக்குச் சொல்ல முடியாத ஒன்றை நீ இரண்டு கைக்கண்ணாடியில் சொன்னாய். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நம் லேப்புக்கு எதிரி ரயில்தான். கவரைப்பேட்டை பக்கம் இப்படி ஒரு மேசை போட்டதே தப்பு என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சார் விடவில்லை. சமையலறை மேடைக்குப் போடும் கருங்கல் பலகை, கீழே லாரி டியூப், மேலே காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டி, அதற்குள் நம் கண்ணாடிகளும் ஜவ்வும். அத்தனையும் செய்தும் வண்டி போனால் கல் நடுங்கும். கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் ஒளி வெளியே தவறிவிடும். அதனால் சார் சுவரில் ரயில் நேரங்களை ஒட்டி ஒரு விதி வைத்தார். அட்டவணை நேரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் எடுத்த அளவு எதுவானாலும் நோட்டில் சிவப்புப் பேனாவால் அடித்துவிட வேண்டும். அடிப்பது என் வேலை. நோட்டு என்னுடையது.

நான் எனக்காக ஒரு வழி வைத்திருந்தேன். கல்லின் ஓரத்தில் ஒரு ஸ்டீல் டம்ளரில் தண்ணீர். வண்டி வந்தால் தண்ணீரில் வட்டம் வரும். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று, “மொதல்ல உள்ளங்கால்ல வரும்டி. அப்புறம் தான் உன் டம்ளர்ல வரும்” என்பாய். கேட் கீப்பர் மகள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அறை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். லோக்கலா, எக்ஸ்பிரஸ்ஸா, சரக்கு ஏற்றிய கூட்ஸா, காலி கூட்ஸா என்று காலாலேயே சொல்வாய். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. டம்ளரை வைத்து நான் சரிபார்த்திருக்கிறேன். உனக்குத் தெரியாமல்.

அந்த மதியத்தை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

புரட்டாசி. வெயில் சுள்ளென்று இருந்தது. சார் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். நாம் இருவர்தான். எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது அது. ஒளி உள்ளே நுழையும் இடத்தில் திரையில் ஒரு பள்ளம் விழும். ஜவ்வு சரியாக அதிர்ந்தால் பள்ளத்தின் நட்டநடுவே முள் மாதிரி ஒரு கோடு எழும்ப வேண்டும். நுழைய வேண்டிய ஒளியை ஜவ்வு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது என்று அர்த்தம். எட்டு மாதம் பள்ளத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம்.

முள் எழும்பியது. நேராக, சுத்தமாக. ஏழெட்டு நொடி நின்றது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி ஊர்ப் பேரையே என் பேராக வைத்து, “கேட்ட மூடிட்டாங்கடி பெரியபாளையம்” என்றாய். அப்புறம் மறைந்துவிட்டது.

மணி இரண்டு நாற்பத்தொன்று. சுவரில் ‘2.40 லோக்கல்’ என்று இருந்தது. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தது.

“ஏய், ஏன்டி அடிக்கிற? வண்டி வர்லடி.”

வரவில்லைதான். முள் நின்ற அந்த ஏழெட்டு நொடியில் என் கண் பழக்கத்தால் டம்ளருக்குப் போய்த் திரும்பியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. டியூப் லைட் அதில் முழுசாக, நெளியாமல் தெரிந்தது. அந்தத் தண்ணீரை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

மூன்று மணிக்கு மேல் கல் நடுங்கியது. “அதோ போவுது பார், இப்ப தான் போவுது, லேட்டு” என்றாய். மூன்றரைக்கு சார் வந்தார். நீ திரையில் பதிவானதைக் காட்டினாய். சார் நோட்டைப் பார்த்தார்.

“ரெண்டு நாப்பத்தொண்ணு. லோக்கல் டைம். கல்லு நடுங்கி லேசர் லாக் விட்டுக் குதிச்சிருக்கும். விடுங்க.”

“வண்டி வர்ல சார்.”

“ஆப்ல ஆன் டைம்னு காட்டுதே.”

“ஆப்ல எப்பவும் அப்டி தான் சார் காட்டும். மூணு மணிக்கு மேல தான் போச்சு.”

“அது கூட்ஸா இருக்கும்.”

“கூட்ஸு இப்டி வராது சார். நான் கால்ல பாத்தேன்.”

சார் சிரித்தார். கேலி இல்லை. அலுப்புதான். “கால்ல பார்த்தேன்னு பேப்பர்ல எழுத முடியாதும்மா. எட்டு மாசமா தேடினா எல்லாருக்கும் முள் தெரியும். எனக்கும் தெரிஞ்சிருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. நோட்டு எழுதுறது நீங்க. வண்டி வந்துச்சா இல்லையா?”

நீ என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்று இருந்தாய். நான் என்ன சொல்வேன் என்பதில் உனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

“தெரியல சார்” என்றேன்.

இதை நான் எப்படி விளக்குவது. விளக்கினால் சாக்குச் சொல்வது போல இருக்கும். ஆனாலும் சொல்கிறேன், உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. எங்கள் வீட்டில் மேலே இருக்கிறவர் கேள்வி கேட்டால் ‘தெரியாதுங்க’ என்பதுதான் பதில். அப்பா நெல் வயலில் கூலியாக இருந்தபோது மடையை யார் திறந்தது என்று நிலக்காரர் கேட்டால் தெரியாதுங்க. கம்பெனியில் லோடு ஏற்றும்போது பெட்டி எப்படி உடைந்தது என்று காண்டிராக்டர் கேட்டால் தெரியாதுங்க. தெரிந்தே சொல்வதுதான் அது. தெரியும் என்று சொன்னவன் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டிவரும்; நின்றவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. தெரியாதவனை யாரும் நிறுத்தமாட்டார்கள். என் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். பட்டம் வாங்கிய வாயிலும் அதே சொல்தான் முதலில் வந்தது. யோசித்து வந்திருந்தால்கூட என்னை நானே திட்டிக்கொள்ளலாம். யோசனையே இல்லாமல் வந்தது.

“அவ்ளோதான்” என்றார் சார். நோட்டை மூடினார்.

சாயங்காலம் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நீ வேர்க்கடலை வாங்கினாய். பொட்டலத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே, “டம்ளர பாத்த இல்ல?” என்றாய். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். “சரி சாப்புடு. நமுத்துடும்” என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நீ திட்டுவாய், இரண்டு நாள் பேசமாட்டாய், அப்புறம் நான் அழுது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் பெட்டிக்குள் காற்றைத் திறந்துவிடும்போது ஜவ்வு கிழிந்தது. புதிது வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதுவரை திட்டத்தில் ஒருவருக்குத்தான் இடம் என்று சார் சொன்னார். என்னை வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “நீங்க பார்த்ததை மட்டும் எழுதுறீங்க. இந்த வேலைக்கு அதுதான் வேணும்.”

இந்த வாக்கியத்தை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இது இல்லாமல் ஒருநாள்கூட நான் தூங்கி எழுந்ததில்லை.

கடைசி நாள் உன் டிபன் பாக்ஸ், லேப் கோட்டு, சுவரில் ஒட்டியிருந்த உன் கையெழுத்து ரயில் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டாய். பிறகு நோட்டைத் தட்டிக் காட்டி, “இதுல எங்கெங்க எம் பேரு கீதோ அடிச்சிடு. நாளைக்கு எதுனா நல்லதா வந்தாலும் எம் பேர எங்கயும் போடாத. சரியா?” என்றாய். நான் “சரி” என்றேன். கோபத்தில் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த மடலின் தொடக்கத்தில்கூட உன் பேரைப் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

சிப்காட்டில் உனக்குக் கண்ணாடித் துண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. “நாள் பூரா கண்ணாடி தான் பாக்குறேன். உள்ள ஒண்ணும் மாட்டல” என்று ஒருமுறை அனுப்பியிருந்தாய். நான் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினேன். நாளாக நாளாக அதுவும் குறைந்தது. குறைத்தது நான்தான். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு காலையில் உன்னிடமிருந்து ஒரு வரி. “ஜவ்வு வந்துச்சா?”

அந்த வாரம்தான் வந்திருந்தது. ‘வந்துடுச்சு’ என்று அடித்தேன். அனுப்பினால் பார்க்க வரவா என்று கேட்பாய். வந்தால் அதே கல், அதே டம்ளர். அழித்துவிட்டேன். சாயங்காலம் அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் உன் நைனா போன் செய்தார். காய்ச்சல் என்று மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாயாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டதாம். நீ எனக்குச் செய்தி அனுப்பியபோதே உனக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. நான் கணக்குப் பார்த்துவிட்டேன்.

உன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் கடைசியில், தண்டவாளத்தின் ஓரமாக நின்றேன். உன்னைத் தூக்கும் நேரத்தில் ஒரு வண்டி வந்தது. எல்லோரும் அது போகும்வரை உன்னை வைத்துக்கொண்டு நின்றார்கள். செருப்பில்லாமல் நின்றதால் அது வருவது எனக்கு முன்னமே காலில் தெரிந்தது. அதுதான் முதல் முறை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்டவாள வேலைக்காக லைன் பிளாக் என்று காலையிலிருந்து மூன்று மணிவரை ஒரு வண்டியும் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். நான் தனியாக லேப்புக்குப் போனேன். சுவரில் சார் ஒட்டிய நேரங்களுக்கு அன்று ஒரு வேலையும் இல்லை. லேசரை வைத்தேன், ஜவ்வைத் தட்டும் ஒளியை ஏற்றினேன். பதினொரு மணிக்கு முள் எழும்பியது. நேராக, சுத்தமாக. அணைத்தேன், போயிற்று. ஏற்றினேன், வந்தது. நீ பார்த்த அதே உயரம், அதே அகலம். ஒளியைக் கூட்டினால் முள் அகலமாயிற்று, குறைத்தால் மெலிந்தது. நம் கைக்கு அது அப்படிக் கட்டுப்பட்டது. எட்டு மாதம் இதைத்தானே கேட்டோம். பழைய நோட்டை எடுத்து அடித்த வரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதே. கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு முதல் வண்டி போகும்வரை எழுந்திருக்கவில்லை.

சார் பார்த்துவிட்டு, அவரே ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்தார். அப்புறம், எழுதி அனுப்பிவிடலாம் என்றார். போன வியாழக்கிழமை கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “முன்னாடி ஒரு தடவை இப்படி ஒண்ணு வந்துச்சே. அது ரயில்தானே?” என்றார்.

“இல்ல சார். அன்னிக்கு வண்டி வரல. டம்ளர்ல தண்ணி அசையல. நான் பார்த்தேன்.”

சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சொல்லியிருக்கலாம். ‘வண்டி வரல.’ இரண்டு சொல். பிறகு, “அப்ப கட்டுரைல அவங்க பேரும் வரணும். அதுதான் முறை. படிவத்துல ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க. திங்கக்கிழமை அனுப்பணும்” என்று படிவத்தைக் கொடுத்தார். கையெழுத்து வாங்கு என்றார். நான் “சரி சார்” என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டியூபைச் சரிசெய்துகொண்டு, படிவத்தையும் பையில் வைத்துக்கொண்டு, இன்று மதியம் உன் நைனாவைப் பார்க்க கேட்டுக்குப் போனேன். ஆளே பாதியாகிவிட்டார். கேட் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா பெரியபாளையம். இன்னா இந்த வெயில்ல. தண்ணி குடி மொதல்ல.”

தண்ணீர் குடித்தேன். நம் பழைய வேலை பலித்துவிட்டது, அவள் அன்று பார்த்தது சரிதான் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“அதுக்குத் தெரியும்மா” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“ஒரு நாளு சாயந்தரம் ஊட்டுக்கு வந்து, நைனா, ரெண்டு நாப்பது லோக்கலு இன்னிக்கு எப்ப போச்சுன்னு கேட்டுச்சு. ரிஜிஸ்தர பாத்து மூணு ஆறுன்னேன். அதுக்கு முன்ன எதுனா போச்சான்னுச்சு. ரெண்டு பத்துக்கு ஒரு கூட்ஸு, அதோட மூணு ஆறு தான், நடுவுல ஒண்ணும் இல்லன்னேன். குதிச்சிச்சும்மா. எழுதித் தரட்டுமா, ஸ்டேஷன் மாஸ்டராண்ட கையெழுத்து கூட வாங்கித் தரேன்னேன். பேப்பர் பேனா எல்லாம் எடுத்துக்கினு உக்காந்துச்சு. அப்புறம் இன்னா நெனச்சிச்சோ, வேணாம் நைனான்னு எழுந்திரிச்சிடுச்சு.”

“ஏன்?”

“இத்த சாராண்ட கொண்டும்போனா எங்கூட்டாளி தெரிஞ்சே சொல்லலன்னு ஆயிடும். அதுக்கு அந்த வேல தான் சோறு, ஊட்டுக்கே அது ஒண்ணு தான் படிச்சது. எனக்கு இன்னா, வாய் கீது, எங்க போனாலும் பொழைச்சிக்குவேன்னுச்சு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “அந்தக் கூட்டாளி யாருன்னு அது சொல்லவே இல்லம்மா. உனுக்குத் தெரியுமா?”

நம் லேப்பில் இருந்தது இரண்டே பேர். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்டாரா? அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

“தெரியல நைனா” என்றேன்.

உள்ளே போன் அடித்தது. அவர் எழுந்து போய் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு, கேட்டை இறக்கினார். பைக்குகளும் ஒரு மினி லாரியும் வந்து நின்றன. வண்டி போயிற்று. அவர் மறுபடியும் ரிஜிஸ்தரில் நேரத்தை எழுதினார். அதே மாதிரி ஒரு பக்கத்தில்தான் அந்த மூன்று ஆறும் இருக்கும். இவ்வளவு நாளும் என் பொய் ஒரு அலமாரியில், அரசாங்க நோட்டில், நேரத்தோடு பதிவாகி இருந்திருக்கிறது. நீ ஒருத்தி அதைத் திறக்காமல் மேலே உட்கார்ந்திருந்தாய். பேரைப் போடாதே என்றதும் அதற்காகத்தான். உன் பேர் வந்தால் நீ ஏன் போனாய் என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் அந்த மதியத்துக்கு வந்து நிற்கும். நான் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். நான் இப்போது லேப்பில் செருப்புப் போடுவதில்லை. வண்டி எனக்கும் காலில் வருகிறது. லோக்கலும் கூட்ஸும் பிரித்துச் சொல்ல முடிகிறது. டம்ளரை எடுத்துவிட்டேன், தேவைப்படவில்லை. தினமும் இரண்டு நாற்பதுக்கு உள்ளங்கால் தானாகக் காத்திருக்கிறது. உன் கால் என் காலுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உன் வாய் வரவில்லை. இன்று மதியம்கூட வரவில்லை. இனி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனாலும் எழுத வரும். பேசினால்தான் தெரியல என்று வருகிறது. எழுதினால் வராது போல இருக்கிறது. வாயால் சொன்னதை எடுத்து எழுதியது தவிர, இதுவரை எழுதியதில் ஒரு இடத்திலும் வரவில்லை பார்.

அதனால் கேட்கிறேன். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது. உனக்குக் கொடுத்த ஒரே ஒரு ‘சரி’யை உன்னைக் கேட்காமல் மீற எனக்கு மனம் வரவில்லை, மீறினால் நீ காப்பாற்றிக் கொடுத்ததை நானே உடைத்ததாகவும் ஆகும். இரண்டும் தெரிந்துதான் கேட்கிறேன். நாளைக் காலை இந்த மடலை உன் நைனாவிடம் கொடுத்துவிட்டு, படிவத்தில், அன்று இரண்டு நாற்பது வண்டி வரவில்லை, அது எனக்குத் தெரியும் என்று எழுதி, என் பேருக்கு மேலே, உன் பேரை எழுதிக்கொள்ளட்டுமா?